ஜேசிபியைக் கூப்பிடும் முன் காட்டுக்குள் ஒரு சுற்று நடந்துவிடுங்கள்

மரக்காணத்துக்குத் தெற்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, எங்கள் ஆயா வழியில் வந்த இரண்டரை ஏக்கர் குத்துக்காடு இருக்கிறது. செம்மண் நிலம். ஆயா இருந்தவரை ஆடு மேய்க்கவும் சுள்ளி பொறுக்கவும் ஊர்க்காரர்கள் போய்வருவார்கள். அவருக்குப் பிறகு பத்துப் பன்னிரண்டு வருடம் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. மனைக்காரர்கள் விலை கேட்டு வந்தபோது அண்ணனும் நானும் விற்பதில்லை என்று முடிவெடுத்தோம். காட்டைக் காடாகவே விட்டு, நடுவில் ஒரு நடைபாதை போட்டு, ஊர்ப்பள்ளிப் பிள்ளைகள் வந்து மரம் செடி கொடியைப் பார்த்துப் பெயர் சொல்லக் கற்றுக்கொள்கிற சின்ன வனப்பூங்காவாக ஆக்கலாம் என்று ஆசை. அண்ணன் துபாயில் இருக்கிறார். சென்னையிலிருந்து பேருந்து பிடித்துப் போய்வந்து வேலையைப் பார்த்தது நான் ஒருத்திதான். இதில் போன பணம் ஒன்றரை லட்சத்தைத் தாண்டிவிட்டது. இரண்டு மழைக்காலம் வீணாகப் போனது. பணத்தைவிட, திரும்ப வாங்க முடியாத சில மரங்கள் போனதுதான் இன்னும் வலிக்கிறது. இதே மாதிரி நிலம் வைத்துக்கொண்டு "முள்ளை மட்டும் எடுத்துவிடலாம்" என்று யோசிக்கிறவர்களுக்காக இதை விரிவாக எழுதுகிறேன்.

முதலில் அந்தக் காடு எப்படிப்பட்டது என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எனக்கே அது பிற்பாடுதான் விளங்கியது. நம் கிழக்குக் கரையோரத்தில் இருப்பது உலர் பசுமைமாறாக் காடு. மழை குறைவு, அதுவும் ஐப்பசி கார்த்திகையில் கொட்டித் தீர்த்துவிடும். மிச்ச மாதங்களில் வெயில்தான். அப்படியும் மரங்கள் இலை உதிர்க்காமல் பச்சையாக நிற்கும். பெரிய மரங்கள் கிடையாது. குட்டையாக, வைரம் பாய்ந்த கட்டையோடு, நெருக்கமாக இருக்கும். வீரை, காசான், உலக்கைப்பாலை, கருங்காலி, கொஞ்சி, காட்டு எலுமிச்சை, உசில், நுணா, களா, காரை, சூரை என்று அடுக்கிக்கொண்டே போகலாம். இந்த வகைக் காடு இன்று துண்டு துண்டாகத்தான் மிஞ்சியிருக்கிறது, அதுவும் பெரும்பாலும் ஐயனார் கோயில் காடுகளாக. எங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே கீழ்ப்புத்துப்பட்டு ஐயனார் கோயில் காடு இருக்கிறது. சின்ன வயதில் பொங்கல் வைக்கப் போயிருக்கிறேன். எங்கள் இரண்டரை ஏக்கரில் நிற்பதும் அதே காட்டின் உறவுக்கார மரங்கள்தான் என்று அப்போது யாரும் சொன்னதில்லை.

வெளியிலிருந்து பார்த்தால் எங்கள் நிலம் முழுக்க வேலிக்காத்தான்தான். தென்மாவட்டங்களில் சீமைக் கருவேலம் என்பார்கள். சாலையோரத்தில் உண்ணிச்செடி ஆளுயரத்துக்குப் புதராக மண்டியிருந்தது. இரண்டும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை. வேலிக்காத்தானை 1870களிலேயே விறகுத் தேவைக்காகச் சென்னை மாகாணத்துக்குக் கொண்டுவந்தார்கள். உண்ணிச்செடி அதற்கும் முன்னால், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அழகுச் செடியாகக் கல்கத்தா தாவரவியல் தோட்டத்துக்கு வந்தது. 2017இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை சீமைக் கருவேலத்தை அகற்றச் சொல்லி உத்தரவிட்டபோது ஊர் ஊராக இயந்திரம் இறங்கியது பலருக்கும் ஞாபகம் இருக்கும். 2022இல் தமிழக அரசு ஆக்கிரமிப்புத் தாவரங்களுக்கென்றே தனிக் கொள்கையும் வெளியிட்டது. எடுக்க வேண்டிய மரம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எப்படி எடுப்பது என்பதைத்தான் யாரும் சொல்லவில்லை.

தெரிந்தவர் மூலமாக ஒரு ஒப்பந்தக்காரர் வந்தார். ஜேசிபி வாடகை மணிக்கு 1,200 ரூபாய், கட்டையை அவரே கரிமூட்டத்துக்கு எடுத்துக்கொண்டு அதற்கு ஒரு தொகையைக் கழித்துக்கொள்வார் என்று பேச்சு. "அண்ணே, வேலிக்காத்தானும் உண்ணியும் மட்டும்தான். மத்த மரத்துல கை வைக்கக் கூடாது" என்று ஒன்றுக்கு இரண்டு முறை சொன்னேன். "நாங்க பாக்காத காடா மேடம்" என்றார். எனக்கு அலுவலகத்தில் விடுப்பு கிடைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை போய் இறங்கினால் காடே இல்லை. கடைசி மூலையில் இரண்டு பனையும் ஒரு வேம்பும் நான்கைந்து பெரிய மரங்களும் நிற்கின்றன. மிச்சமெல்லாம் சிவப்பு மண். ஓரத்தில் கட்டை, இலை, வேர் எல்லாம் ஒன்றாகக் குவிந்து கிடந்தது. அந்தக் குவியலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நான் அழுதேன். ஒப்பந்தக்காரரைப் போனில் பிடித்தபோது, "முள்ளு இருந்ததெல்லாம் எடுத்தாச்சு மேடம், நீங்கதான முள்ள எடுக்கச் சொன்னீங்க" என்றார். 38 ஆயிரம் ரூபாய் அதற்கு முன்பே கைமாறியிருந்தது.

அன்று சாயங்காலம் ஆடு ஓட்டிக்கொண்டு வந்த ஒரு பெரியவர் அந்தக் குவியலைக் கிளறிப் பார்த்தார். ஒரு கிளையை இழுத்து என் கையில் கொடுத்து, "ஏம்மா, இத எதுக்கும்மா வெட்டுனாங்க? இது வெடத்தலா. வேலிக்காத்தான் இல்லியே" என்றார். கிளையில் பூ இன்னும் வாடாமல் இருந்தது. ஒரே கதிரில் மேல்பாதி இளஞ்சிவப்பு, கீழ்ப்பாதி மஞ்சள். அவ்வளவு அழகான பூவை அதற்கு முன் நான் கிட்டத்தில் வைத்துப் பார்த்ததில்லை. அவர் ஒவ்வொன்றாக இழுத்துப் போட்டுப் பெயர் சொல்லிக்கொண்டே போனார்: வெள்வேலம், காரை, களா, சூரை, சங்கஞ்செடி. முள் இருந்த ஒரே காரணத்துக்காக இத்தனையும் போயிருந்தது. நம் வறண்ட காட்டில் முள் இல்லாத செடியைத்தான் தேட வேண்டும், அந்தத் தாத்தா சொல்லித்தான் எனக்கு அது உறைத்தது.

ஆகவே இயந்திரமோ ஆளோ வருவதற்கு முன் நீங்கள் அடையாளம் பார்த்துக்கொள்ள வேண்டியவற்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். வேலிக்காத்தானுக்கு இலைக் கணுவில் முள் பெரும்பாலும் ஜோடியாக இருக்கும். பூ பச்சை கலந்த மஞ்சளில் நீளக் கதிராகத் தொங்கும். காய் வைக்கோல் நிறத்தில், லேசாகத் தட்டையாக, இனிப்பாக இருக்கும். நம் நாட்டுக் கருவேலத்தின் பூ உருண்டையான மஞ்சள் பஞ்சு. காய் மாலையில் கோத்த மணிபோல் விதைக்கு விதை இடுங்கியிருக்கும். வெள்வேலத்துக்குப் பட்டையே வெளுப்பாக இருப்பதால் தூரத்திலிருந்தே தெரியும். பெரியவர் வெடத்தலா என்று சொன்ன விடத்தலைக்குக் குச்சியின் நுனியே முள்ளாக மாறியிருக்கும், சில சமயம் அந்த முள்ளிலேயே இலை விட்டிருக்கும். காய்கள் சுருண்டு முறுக்கிக்கொண்டு கொத்தாகக் கிடக்கும். சங்கஞ்செடிக்குக் கணுவுக்கு நான்கு முள். ரொம்பக் கவனமாக இருக்க வேண்டியது வன்னி விஷயத்தில். அதுவும் வேலிக்காத்தானும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை, இலையும் பூவும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். வன்னியின் முள் சின்னதாக, கணுக்களுக்கு இடையில் குச்சி நெடுக அங்கங்கே இருக்கும், ஜோடியாக இருக்காது. விருத்தாசலம் கோயிலில் தலமரமே வன்னிதான், போகிறவர்கள் ஒரு தடவை கிளையைக் கிட்டப் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். இதை எல்லாம் படித்து மட்டும் மனதில் ஏற்ற முடியாது. ஊரில் ஆடு மேய்க்கிற ஒருவரை அழைத்துப் போங்கள், கூலி கொடுங்கள், காட்ட வேண்டிய மரத்தை எல்லாம் அவர் காட்டுவார். காப்பாற்ற வேண்டிய ஒவ்வொன்றிலும் சிவப்புத் துணியைக் கட்டிவிடுங்கள். பழைய சேலை ஒன்றைக் கிழித்தால் ஒரு ஏக்கருக்குத் தாராளமாகப் போதும். வாயால் சொல்வதை ஓட்டுநர் மறந்துவிடுவார், துணி கண்ணில் பட்டால் வண்டியைத் திருப்பிவிடுவார்.

சரி, போனது போகட்டும், வெறும் நிலம்தானே, மழைக்குக் கன்று வைத்துவிடலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். ஐப்பசியில் முதல் மழை பெய்தது. தீபாவளி முடிந்து போனபோது நிலம் முழுக்கப் பச்சை. கிட்டே போய்ப் பார்த்தால் பாதி பார்த்தீனியக் களை, மீதி வேலிக்காத்தான் நாற்று. வேலிக்காத்தான் விதைக்கு ஓடு கெட்டி. மண்ணுக்குள் வருடக்கணக்கில் உயிரோடு கிடக்கும். காயைத் தின்கிற ஆடும் மாடும் சாணத்தோடு விதையைப் போட்டுவிட்டுப் போகும், அது இன்னும் சுலபமாக முளைக்கும். அத்தனை வருடம் சேர்ந்த விதையை ஜேசிபி கிளறி மேலே கொண்டுவந்து, நிழலையும் எடுத்துவிட்டிருந்தது. தரை மட்டத்தில் ஒடித்துவிட்ட பழைய மரங்களும் ஒரு தூருக்கு ஏழெட்டு எனத் துளிர்த்திருந்தன.

பார்த்தீனியத்தை நானே பிடுங்க ஆரம்பித்தேன். சின்னச் செடிதானே, மழை ஈரத்தில் கையோடு வந்துவிடுகிறதே என்று உறைகூடப் போடவில்லை. அதைப் பற்றி எச்சரிக்க அங்கே யாரும் இல்லை. அடுத்த வாரத்தில் முழங்கை மடிப்பிலும் கழுத்திலும் கண் இமையிலும் சிவந்து தடித்து, இரவெல்லாம் அரிப்பு. தூக்கமே இல்லை. முகம் வீங்கி அலுவலகத்துக்குப் போகக் கூசினேன். முதலில் பார்த்த மருத்துவர் வியர்க்குரு, வெயில் ஒவ்வாமை என்று களிம்பு எழுதினார். களிம்பு போட்டால் அடங்கும், நிலத்துக்குப் போய்வந்தால் மறுபடி கிளம்பும். கடைசியில் ஒரு தோல் மருத்துவர்தான் "புல், களை ஏதாவது தொடுகிறீர்களா?" என்று கேட்டு, முதுகில் ஒட்டுச் சோதனை செய்து பார்த்தீனிய ஒவ்வாமை என்று உறுதிப்படுத்தினார். அதே குடும்பத்துச் செடி என்பதால் சாமந்திப் பூவும் எனக்கு ஆகாமல் போகலாம் என்றார். இப்போது பூக்கடைப் பக்கம்கூடக் கவனமாகத்தான் போகிறேன். மருந்து, சோதனை, சம்பளம் இல்லாத விடுப்பு எல்லாம் சேர்ந்து 20 ஆயிரத்துக்கு மேல் ஆனது. பார்த்தீனியத்தைப் பிடுங்குகிறவர்கள் தயவுசெய்து முழுக்கைச் சட்டை, கையுறை, மூக்கு வாய்க்குத் துணி இல்லாமல் இறங்காதீர்கள். பூப்பதற்கு முன் பிடுங்குங்கள். முளைத்த ஒன்றரை மாதத்துக்குள் அது பூத்துவிடும், ஒரு செடியே ஆயிரக்கணக்கில் விதை போடும். பூத்ததைப் பிடுங்கி எருக்குழியில் போட்டால் அடுத்த வருடம் எரு போகும் இடமெல்லாம் பார்த்தீனியம்தான். ஏற்கெனவே தோல் வியாதி, ஆஸ்துமா உள்ளவர்கள் இந்த வேலைக்கே போக வேண்டாம். பிடுங்கிய இடத்தைச் சும்மா விடாமல் ஆவாரை, தகரை விதையைத் தூவிவிட்டேன். அந்த வெற்றிடத்தை நம் செடி பிடித்துக்கொண்டால் அது திரும்பி வருவது குறைகிறது.

அதன்பிறகு ஜேசிபியை உள்ளே விடவில்லை. ஊரிலேயே இரண்டு அக்காக்களையும் ஒரு அண்ணனையும் கூலிக்கு வைத்துக் கடப்பாரை, மண்வெட்டி, கோடாலியோடு வேலை நடந்தது. வேலிக்காத்தான் துளிர்க்கும் மொட்டு, தண்டும் வேரும் சேருகிற கழுத்துப் பகுதியில் இருக்கிறது. அதை மண்ணுக்கு மேலே எத்தனை தடவை வெட்டினாலும் பயன் இல்லை. சுற்றி ஒரு முழம் ஆழத்துக்குத் தோண்டி, அந்தக் கழுத்துக்குக் கீழே வேரை வெட்டினால்தான் அந்தத் தூர் அடங்கும். நாற்றாக இருக்கும்போது மழை ஈரத்தில் வேரோடு இழுத்தாலே வந்துவிடும், ஒரு வருடம் விட்டால் கடப்பாரை வேண்டும். உண்ணிச்செடிக்கு இவ்வளவு ஆழம் தேவையில்லை. தரைக்குக் கீழே இரண்டு மூன்று விரல்கடை ஆழத்தில் ஆணிவேரை ஒரே வெட்டாக வெட்டி, புதரை அப்படியே தூக்கித் தலைகீழாக வைத்துவிட வேண்டும். வேர் மண்ணைத் தொடக்கூடாது. பழம் கறுப்பதற்கு முன் இந்த வேலையை முடித்துவிட வேண்டும், சின்னான் குருவிகள் பழத்தைத் தின்று ஊரெல்லாம் விதைத்துவிடும். வெட்டிய உண்ணித் தழையை ஆடு மாடு கடிக்காத இடத்தில் போடுங்கள். அது ஈரலைக் கெடுக்கிற நஞ்சு, தின்ற மாட்டுக்கு வெயில் பட்ட தோலெல்லாம் வெந்துவிடும்.

இன்னொன்று, காட்டில் எங்கிருந்து தொடங்குவது என்பது. எல்லோரும் அடர்த்தியாக முள் மண்டிய இடத்தில்தான் முதலில் கை வைக்கிறார்கள். அதை மாற்றிச் செய்யுங்கள். நம் மரங்கள் நன்றாக நிற்கிற மூலையில் தொடங்கி, அங்கே நுழைந்திருக்கும் ஒன்றிரண்டு அந்நியச் செடிகளை எடுத்து, கொஞ்சம் கொஞ்சமாக வெளிப்பக்கம் நகருங்கள். எடுத்த இடத்தில் பக்கத்து மரத்தின் விதை விழுந்து முளைக்கும். எங்கள் நிலத்தில் தப்பிய மூலையில் ஒரு பெரிய வேலிக்காத்தானும் இருந்தது. அதன் அடியில் பறவை எச்சத்தில் விழுந்து முளைத்த வேம்பும் சங்கஞ்செடியும் கொஞ்சியும் கன்றாக நின்றன. அந்த மரத்தை இன்னும் வெட்டவில்லை. கன்றுகள் தலை தூக்கும்வரை கிளையை மட்டும் கழித்துவிட்டு வெளிச்சம் விடுகிறோம்.

கன்று வாங்கப் போனபோது இன்னொரு அடி. "நாட்டு மரம்" என்று கேட்டு ஒரு நாற்றுப்பண்ணையில் 300 கன்றுக்குப் பணம் கட்டினேன். வந்ததில் பாதி சவுண்டல், அப்புறம் கொஞ்சம் ஆஸ்திரேலியக் கருவேல். சவுண்டலும் வெளியிலிருந்து வந்து காட்டைப் பிடிக்கிற மரம்தான். விதை விழுந்தால் அதன் நிழலில் கம்பளமாக முளைக்கும். ஆஸ்திரேலியக் கருவேலை எங்கள் பகுதியில் வெற்று நிலத்தைப் பசுமையாக்க ஒரு காலத்தில் நிறைய வைத்தார்கள். வேகமாக வளரும், ஆனால் 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்தபோது ஆரோவில் பக்கம் அந்த மரங்கள் வரிசை வரிசையாகச் சாய்ந்தன. கன்று வாங்கும்போது தமிழ்ப் பெயரோடு அறிவியல் பெயரையும் ரசீதில் எழுதி வாங்குங்கள், எழுதித் தராதவரிடம் வாங்காதீர்கள். வெளிநாட்டிலிருந்து வந்ததெல்லாம் கெட்டது என்றும் நினைக்க வேண்டாம். பிரேசிலிலிருந்து வந்த முந்திரிதான் எங்கள் பக்கத்துப் பல குடும்பங்களுக்குச் சோறு போடுகிறது. நட்ட இடத்தில் நிற்கிற மரத்தோடு எனக்குச் சண்டை இல்லை, மற்றதை முளைக்க விடாமல் பரவுகிறதா என்பதுதான் நான் பார்க்கிற கணக்கு.

உலர் காட்டு மரங்களுக்கு விதை சேகரிப்பதுதான் நல்ல வழி. கோயில் காட்டில் கிளையை ஒடிக்கக் கூடாது, விறகுகூட எடுக்க மாட்டார்கள். பூசாரியிடம் கேட்டு, கீழே விழுந்த பழத்தை மட்டும் பொறுக்கினோம். நாவல் கொட்டை காய்ந்தால் முளைக்காது, சதையைக் கழுவிய உடனே மண் பையில் ஊன்றிவிட வேண்டும். வீரையும் காசானும் ரொம்ப மெதுவாக வளரும், வருடத்துக்கு ஒரு முழம் ஏறினாலே அதிகம். பிள்ளைகளுக்குக் காட்டச் சீக்கிரம் நிழல் வேண்டும் என்றால் உசில், புங்கன், நுணாவை முதலில் வைத்து, அவற்றின் நிழலில் மெதுவானவற்றை வையுங்கள். காசான் பூக்கும்போது கிளையை ஒட்டிக்கொண்டு ஊதா நிறத்தில் கொத்துக் கொத்தாக இருக்கும். அதைப் பார்க்கப் பல வருடம் ஆகும் என்று தெரிந்தேதான் வைத்திருக்கிறேன்.

வேலிக்குக் கம்பி விலை கேட்டேன், 2 லட்சத்துக்கு மேல் சொன்னார்கள். ஆடு ஓட்டிவந்த அந்தத் தாத்தாதான் முள்கிளுவைப் போத்தை, அதாவது ஊன்றினால் வேர் பிடிக்கிற கிளைத்துண்டை, நடச் சொன்னார். மழைக்கு முன் முழங்கை கனத்தில் வெட்டி நெருக்கமாக ஊன்றி, இடையில் களாவும் சங்கஞ்செடியும் விட்டோம். ஆடு நுழைவது பாதிக்குமேல் நின்றுவிட்டது. மேய்ச்சலே கூடாது என்று ஊரோடு சண்டை போடவில்லை, ஓரத்தில் ஒரு பட்டை நிலத்தை ஆட்டுக்கென்றே விட்டிருக்கிறோம்.

இப்போதைய செலவு வருடத்துக்கு 25 ஆயிரம் ரூபாய், அதில் பெரும்பகுதி மழைக்குப் பிந்திய மூன்று மாதக் கூலிதான். அந்த மாதங்களில் நாற்றைப் பிடுங்காமல் விட்டால் மற்ற மாதங்களில் செய்த வேலைக்குப் பலன் இருக்காது, அதனால் பணம் ஒதுக்கும்போது இதை முதலில் ஒதுக்கிவிடுங்கள். நடைபாதையில் இதுவரை 31 வகைக்குப் பெயர்ப்பலகை வைத்திருக்கிறோம், விடத்தலைக்கும் ஒன்று வைக்க, பக்கத்து நிலத்து வரப்பிலிருந்து விதை எடுத்து ஒரு மரம் வளர்க்கிறோம். மரக்காணம், திண்டிவனம், புதுச்சேரிப் பக்கத்து நிலக்காரர்கள் முள்கிளுவைப் போத்து வேண்டுமென்றால் ஆவணி புரட்டாசியில் வந்து எங்கள் வேலியிலிருந்து வெட்டிக்கொண்டு போகலாம், காசு வேண்டாம்.